அவள் சொல்லாத பெயர்

பிறந்த மூன்றாம் நாள் எங்கள் குழந்தை செத்துப்போனது. அதற்குப் பிறகு என் மனைவி தூங்கவில்லை. வெறும் மடியை ஆட்டிக்கொண்டே இருப்பாள்; திடீரென்று எழும்பி வாவிக்குள் இறங்கிவிடுவாள். மண்டூரில் அவளுடைய சீதன வீட்டுக்கும் தண்ணீருக்கும் இருபது எட்டு வைக்கும் தூரம்தான். மூன்று முறை இழுத்து வந்தேன்.

இந்த வருத்தத்துக்கு யாரிடம் போவது என்பதில் ஊரில் ஆளுக்கொரு கதை. கட்டாடியார் வேப்பிலை அடித்துப் பேய் ஓட்டினார். போனது எங்கள் கோழி மட்டும்தான். பரியாரியார் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று உச்சியில் எண்ணெய் வைத்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த எண்ணெயில் கொஞ்சம் தூங்கினாள். ஒருநாள் எனக்குச் சோறும் போட்டுத் தந்தாள்.

"பொறுங்க தம்பி, இது மெள்ள மெள்ள ஆறுதலா மாறுற வருத்தம்" என்றார் பரியாரியார்.

மறுநாள் மறுபடியும் வாவிக்குள் நின்றாள். பொறுக்க என் உடம்பில் பலமில்லை. தோணியில் அக்கரைக்குக் கொண்டுபோய், களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் காட்டினேன்.

"காய்ச்சலெண்டா நான் பார்ப்பன். இது கொழும்பில இருக்கிற மனநோய் டாக்டர்மார்ர வேலை. முதல்ல மட்டக்களப்புப் பெரிய டாக்டர் பார்த்து எழுதித் தரவேணும். பிறகு கோட்டில நீதவானிட்ட கட்டளை எடுக்கவேணும்."

பெரிய டாக்டர் வெளியூர்க்காரர். தமிழைத் தட்டித் தடவிப் பேசினார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். "வெள்ளி" என்றாள். ஊர் எது என்றார். "மண்டூர்." புருஷன் பெயர் என்ன என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொல்லியே ஆகவேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார்கள், அவர் சொல்லிவிடுவார். டாக்டர் மூன்று தரம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஐயா, அது எங்கட வழக்கம்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரமாவது நான் நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்று மட்டும்தான் எனக்கு இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புருஷன் பெயர்கூடத் தெரியவில்லை என்று டாக்டர் எழுதினார்.

கட்டளை வந்தது. அவளைக் கொழும்பு மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் வீட்டில் நான் தனியாக இருந்தேன். அக்கம்பக்கமெல்லாம் அவள் சொந்தக்காரர். ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சமைத்துத் தின்பேன், வட்டைக்கு வயல் பார்க்கப் போவேன், வருவேன். தூக்கம் மட்டும் வரவில்லை. சீ, என்ன மனிதன் நான்.

எட்டு மாதம் கழித்து ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நர்ஸ் கொண்டுவந்து விட்டதும் அங்கிருந்த டாக்டருக்கு முன்னால் நேராக நின்று, என் பெயரைச் சொன்னாள். என் தகப்பன் பெயரையும் சேர்த்து, தெளிவாகச் சொன்னாள். அவள் வாயால் அதை நான் கேட்டதேயில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிட்டன். இனி வீட்ட போவமா?"

நல்ல முன்னேற்றம், இன்னும் சில மாதம் பார்ப்போம் என்றார் டாக்டர். நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள். வாசலில் நின்று திரும்பி, இன்னும் உரக்க ஒருதரம் என் பெயரைச் சொன்னாள். டாக்டருக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள்.