பெயரைத் தேய்த்த சிப்

ஜவ்வாது மலையில் எங்களிடம் புளி வாங்க வருகிறவர்கள், மூட்டையின் அடிவரை கையை விட்டுப் பார்க்காமல் விலை பேசமாட்டார்கள். எனக்கும் அந்தப் புத்திதான். கிதாரின் ஒலியை எதிரொலிக்க வைக்க மலிவாக வாங்கிய டிலே பெடலை, வாசிப்பதற்கு முன்பே ஸ்க்ரூடிரைவரால் திறந்தேன். மேலே 'டிஜிட்டல் அல்ல, அனலாக்' என்று போட்டிருந்தது. உள்ளே, அது உண்மையா என்று காட்டவேண்டிய பெரிய சிப்பின் மேல் பெயரையே தேய்த்து அழித்திருந்தார்கள்.

"திருட்டு வண்டியிலதாங்க நம்பர அழிப்பாங்க," என்றாள் மனைவி.

கடுப்போடு மூடிவிட்டு வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் திரும்பத் திரும்ப ஒலித்து, மெல்ல மங்கிக் கரைந்தது.

"நல்லாத்தான கீது! இன்னும் இன்னாங்க?"

"அதான் சந்தேகமா கீது," என்று மறுபடியும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.