லேயரும் லயனும்

ஏழு வருடங்களில் யூஜினா வெட்டிச் சீராக்கிய அடையாள அட்டைப் படங்கள் பதினோராயிரத்துக்குக் குறையாது. மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டூடியோவில் அவளுக்கென்று இருந்தது அந்த வேலைதான். காது தெரிய வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. கல்யாண ஆல்பங்களைச் செய்யும் பெரிய கம்ப்யூட்டரில் நிரஞ்சன் உட்கார்ந்திருந்தான். அவன் கொழும்புக்குப் போனதும் அந்த நாற்காலி காலியானது.

"இந்த டீச்சர் படத்த ஒழுங்கா செஞ்சு காட்டு, அந்த சீட்டு ஒனக்கு. இல்லாட்டி ஹட்டன்ல இருந்து ஆள் கூப்பிடுவேன்" என்று முதலாளி மரியநாயகம் சொல்லிவிட்டு, வலப்பனையில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கிளம்பினார்.

டீச்சர் என்பது தனுஜா. பட்டம் வாங்கி, போன மாதம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள். போனில் ஒரு படத்தைக் காட்டியிருந்தாள்: ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், அதற்குள்ளேயே மலையும் மரமும். "இதே மாதிரி வேணும்க்கா. உள்ளுக்கு எங்க தோட்டம் வரணும்." தோட்டப் படத்தை அவளே எதிர்மலையில் நின்று எடுத்து அனுப்பியிருந்தாள். பட்டமளிப்பு அங்கியோடு அவள் முகத்தை யூஜினா வெள்ளைச் சுவரோரம் எடுத்து வைத்திருந்தாள். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி தனுஜா போனாள்.

எப்படிச் செய்திருப்பார்கள்? யூஜினாவுக்கு அதுதான் குடைந்தது. முதலில் முகத்தின் மேல் தோட்டத்தை வைத்து அடர்த்தியைப் பாதியாகக் குறைத்தாள். டீச்சர் பேய் மாதிரி ஆனாள். பிறகு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களில் ஒரு லேயர் இன்னொன்றோடு கலக்கும் விதங்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, என்ன ஆகிறதென்று கொப்பியில் எழுதினாள். 'இருட்டு.' 'இன்னும் இருட்டு.' 'மஞ்சக்காமாலை.' 'ஸ்கிரீன்' என்பதைத் தட்டியதும் கை நின்றது. வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருக்க, கறுத்த இடங்களில் மட்டும் தேயிலை முளைத்திருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே சுவரில் இரண்டு டோர்ச் அடிப்பது போலத்தான் இது. ஏற்கெனவே வெளிச்சம் இருக்கும் இடத்தில் அடுத்த வெளிச்சம் தெரியாது, இருட்டில்தான் தெரியும். அப்படியென்றால் முகத்தைக் கறுக்க வைக்க வேண்டும். வைத்தாள். மலை ஏறி வந்து நெற்றியில் உட்கார்ந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனின் புதுத் தகரக் கூரைகள் வெயிலில் பளபளத்து, சரியாகக் கண்ணின் மேல் விழுந்தன. கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பட்டைதான் இருந்தது.

மரியநாயகத்துக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் நாதஸ்வரம்.

"சார், கண்ணு காணாமப் போவுது!"

"என்னா? யாருக்கு?"

"படத்துல சார்!"

"அதுவா? லேய... மறைச்சுப் பாரு! ஒவ்வொண்ணா மறைச்சுப் பாரு!" கெட்டிமேளம் முழங்க, லைன் அறுந்தது.

லயனை மறைக்கச் சொல்கிறார். சரிதானே, கண்ணைக் கெடுப்பதே அந்தக் கூரைதான். கல்யாண வீட்டுக்காரர்களும் பின்னால் லயன் தெரியாமல் செய்யச் சொல்லிக் கேட்பது வழக்கம். பக்கத்துத் தேயிலைச் செடிகளை எடுத்து எடுத்து ஒட்டி, லயனின் பத்து காம்பிரா வீடுகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். கண் திரும்பி வந்தது. நாலு மணிக்கு தனுஜாவும் வந்தாள்.

"ஐயோ அக்கா, அப்பிடியே வந்திருக்கு!" திரைக்குக் கிட்டக் குனிந்தவள் நிமிர்ந்தாள். "லயன் எங்க?"

"சார்தான் மறைக்கச் சொன்னாருங்க டீச்சர்."

"யாரக் கேட்டு? மறைக்கணும்னா நான் ஏன் மல ஏறிப் போட்டோ எடுக்கிறேன்? வெறும் தேயிலப் படம் டூரிஸ்ட் கடையில தொங்குதே. இது எனக்கு வேணாம்க்கா."

நாற்காலி கையைவிட்டுப் போகிறது. மறுபடி போன். இப்போது மரியநாயகம் பந்தியில் இருந்தார்.

"லேயர்னு சொன்னேன்மா, லேயர்! எது கெடுக்குதுன்னு ஒவ்வொரு லேயரா மறைச்சுப் பாருன்னேன். பத்து வீட்டையுமா ஒடச்ச? தோட்டத்துத் தொர கூட அப்பிடிச் செய்ய மாட்டானே!"

போன் சத்தமாகப் போட்டிருந்ததால் தனுஜாவுக்கும் கேட்டது. முறைத்துக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, திருப்பிக் கட்டுங்க. நான் இருக்கேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

லயன் இருந்த பழைய தோட்டப் படத்தை யூஜினா மறுபடி இறக்கினாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. மிகப் பளிச்சென்ற பொருள் மிகக் கறுத்த இடத்தில்தான் நன்றாகத் தெரியும். இந்த முகத்தில் மிகக் கறுத்தது எது? தோட்டத்தைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்தாள். கூரை வரிசை டீச்சரின் கொண்டைக்குள் போய் நின்றது. தகரம் தகரமாக எண்ணலாம். கண்ணுக்கு மேல் இப்போது தேயிலை மட்டும். கண் தெளிவாக இருந்தது.

தனுஜா விரலைத் திரையில் வைத்தாள். "இந்தா, மூணாவது காம்பிரா. எங்க வீடு." விரலை எடுத்துத் திரும்பினாள். "இதையே பிரின்ட் போடுங்க."

வரும் சனிக்கிழமை கந்தப்பளையில் ஒரு கல்யாணம். அதன் ஆல்பத்தை நிரஞ்சனின் நாற்காலியில் உட்கார்ந்து யூஜினா செய்யப்போகிறாள்.