முடிவு வாசிக்காத கதை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப்போன பையன் ஒன்று, ஆக நால்வரை இந்தப் பவானிபூர் வீட்டில் வளர்த்து ஆளாக்கினேன். நால்வரும் பெங்காலியில் பேச்சுப்போட்டிப் பரிசு வாங்கியவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது.

என் வீட்டுக்காரர் தமிழில் கதை எழுதுகிறவர். பாங்கியில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை சாயங்காலமானால் பெங்காலி எழுத்தாளர்களோடு டீக்கடை அட்டாவில், அதாவது அரட்டைக் கச்சேரியில், உட்கார்ந்துவிடுவார். அவர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுச் சண்டையும் போடுவார். இவர் எழுதியதில் ஒரு வரி அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் புதிதாக வருகிறவரிடம், இவர் பெரிய எழுத்தாளர் என்றுதான் சொல்வார்கள். எல்லாம் நம்பிக்கைதான். பெங்காலியில் பெயர்க்க வேண்டும் என்று குளிர்காலந்தோறும் பேச்சு எழும். வெயில் வந்தால் மறந்துவிடும்.

இப்போது அவருக்குப் பார்வை இல்லை. இந்த வருஷம் பெங்காலி வருஷப்பிறப்புக்கு எங்கள் பேட்டை கிளப்பில் அவருக்குச் சால்வை போடக் கூப்பிட்டார்கள். இவர் ஒன்றுதான் கேட்டார். தன் கதை ஒன்றைத் தமிழிலேயே முழுசாக வாசிக்க வேண்டும். புரியாவிட்டால் போகிறது, ஓசையாவது அந்தச் சிநேகிதர்கள் காதில் விழட்டும் என்றார். யார் வாசிப்பது என்று கேள்வி வந்தது. பௌதி இருக்கிறாரே என்று செயலாளர் என்னைக் காட்டினார். அவர்களுக்கு நான் அண்ணி, அதாவது பௌதி.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுத்தாளர் பெண்டாட்டி அதை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

"மெதுவா படி, அவசரமில்லே" என்றார் இவர்.

முதல் பக்கத்தை உருப்போட்டு வைத்திருந்தேன், மேடையில் அது தடங்கலில்லாமல் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றேன். நீளமான வார்த்தை ஒன்று வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மேடை ஓரத்தில் இவர் உதடு அசைகிறது, எனக்கு வார்த்தை எடுத்துக்கொடுக்கிறார். காதில் விழவில்லை. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். செயலாளர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து, போதும் பௌதி என்று மைக்கை வாங்கிக்கொண்டார். ஒரே கைதட்டல்.

"இன்னும் இருக்கு" என்றார் இவர், கையை நீட்டி. தமிழில். பக்கத்திலிருந்தவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "அத பெங்காலியில சொல்லியிருக்கலாமே?"

"வாயில வரலே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சிநேகிதர்கள் வீடு தேடி வந்து என் வாசிப்பைப் புகழ்ந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

லீவுக்கு வந்திருக்கும் சென்னைப் பேத்தி தமிழ் படித்தவள். ஒரே மூச்சில் முழுக் கதையையும் தாத்தாவுக்கு வாசித்தாள். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, கிளப்பில் மறுபடி கூப்பிடுவார்களா என்று என்னைக் கேட்டார். தினமும் கேட்கிறார்.

அவள்தான் இதையும் எழுதுகிறாள். எங்கே, நான் சொன்ன மாதிரியே வந்திருக்கா, வாசி பார்க்கலாம்.