இரண்டு பெயருக்கு ஒரே முகவரி

என் அப்பா எட்வர்ட், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவர். கடைசி ஆறு வருடம் அங்கிருந்த பத்தொன்பது கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். ஓரிடத்தில் உட்கார்ந்து கட்டளை கொடுத்தால் அத்தனைக்கும் போய்ச் சேரும் மென்பொருள் இருந்தது. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும்: முதலில் நாம் வைக்கும் பெயர், பக்கத்தில் கம்ப்யூட்டரின் முகவரி எண்.

அந்த ஆலையில் ஒரு மெஷினை, அதை முதலில் ஓட்டியவர் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அப்பாவும் அப்படியே எழுதினார். எடைமேடை 'துர்கா'. பேக்கிங் 'அருணாச்சலம்'. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிறுத்தியதில்லை.

புதிதாக வந்த மேலாளர் குப்புராஜ் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: "இன்னா எட்வர்ட், துர்காதேவி ரிட்டையராகி ஒம்போது வருசமாச்சு. உங்க லிஸ்ட்ல மட்டும் இன்னும் டூட்டி பாத்துக்கினு கீறாங்களா?"

ஆடிட் வருகிறதென்று, அப்பா லீவில் இருந்த ஒரு சனிக்கிழமை, பெயர்களைக் குப்புராஜே மாற்றினார். வரிகளை நகலெடுத்து ஒட்டியதில் 'பேக்கிங்-3', 'ஃபர்னஸ்-1' இரண்டுக்கும் ஃபர்னஸின் முகவரியே விழுந்தது. மென்பொருள் இதைத் தடுக்காது. ஒரு முகவரிக்கு எத்தனை பெயரும் வைக்கலாம்.

திங்கட்கிழமை பேக்கிங் கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. அப்பா புதுப் பட்டியலில் இருந்தபடி 'பேக்கிங்-3' என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்தார். இரும்பு உருக்கும் ஃபர்னஸ் நின்றது. விசாரணை அரை நாளில் முடிந்தது. கவனக்குறைவு என்று சஸ்பெண்ட் செய்தார்கள்.

"நான் சரியாத்தான்மா குடுத்தேன்" என்று புதுவாயல் வீட்டில் தினமும் சொன்னார். நானும் இதே வேலைதான் செய்கிறேன். பட்டியலைப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. ரெஸ்ட் எடுங்கள் என்றேன். பதினோராம் நாள், சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு.

அவருடைய சாமான்களை வாங்க ஆலைக்குப் போனபோது பட்டியலைத் திறந்து காட்டச் சொன்னேன். இரண்டு வரி, ஒரே எண். யார் மாற்றியது, எந்தத் தேதியில் என்பதும் பதிவாகியிருந்தது. குப்புராஜ் திரையைப் பார்த்தார்.

"அவரே போய்ட்டாரு. இப்ப இன்னாத்துக்கும்மா இதெல்லாம்?"

"அவர் பேர் இன்னும் உங்க ரிப்போர்ட்ல இருக்கு சார்."

மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் புது அறிக்கை வந்தது. பழையதில் அப்பாவின் பெயர், ஊழியர் எண், அவருடைய அப்பா பெயர்வரை இருந்தன. புதியதில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். கோளாறுக்கு ஆளே இல்லை.

ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. மாற்றியவர் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்தேன்.