ஜாவித் போட்ட டிக்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் வேண்டாம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். அவனியாபுரத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறவன், எனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும்.

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகள் சில ஆர்டர் எடுப்பதற்கு என் வெப்சைட்டைத்தான் வைத்திருக்கின்றன. அதில் ஒன்று சலீம் பாயின் பெட்ஷீட் கடை. ஆர்டர்களைக் கவனித்த அவர் மகன் ஜாவித் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஆனால் கடை போனில் வெப்சைட்டைத் திறந்தால் அப்புறமும் 'வாங்க, ஜாவித்' என்றுதான் வரும். 'என்னை நினைவில் வை' என்ற கட்டத்தில் அவன் டிக் போட்டிருந்தான். அப்படிப் போட்டால் போனில் ஒரு ரகசியச் சீட்டு இருக்கும், அதன் ஜோடி சர்வரில் இருக்கும், இரண்டும் பொருந்துகிறவரை பாஸ்வேர்டு கேட்காது. அவ்வளவுதான் விஷயம். பாஸ்வேர்டு ஜாவித்துக்கு மட்டும்தான் தெரியும்.

"புதுசா லாகின் போட்டுத் தரவா பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேணாம் தம்பி. இது எம்புள்ள அவன் கையால போட்ட டிக்கு. இத மட்டும் அழிச்சிராத."

சரி என்றேன். ஆனால் பாருங்கள், நான்கு மாதம் கழித்துப் பாதுகாப்புக்காக அந்தச் சீட்டு முறையையே மாற்றி எழுதியபோது, சர்வரில் இருந்த பழைய சீட்டுகள் மொத்தத்தையும் துடைத்துவிட்டேன். ஜாவித் ஞாபகம் வந்தது துடைத்த பிறகுதான். பேக்கப்பும் எடுக்கவில்லை, அவ்வளவு திமிர் எனக்கு. மறுநாள் காலையிலிருந்து மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் "பாஸ்வேர்டு கேக்குது" என்று போன் போட்டுத் திட்டினார்கள். சலீம் பாய் மட்டும் கூப்பிடவே இல்லை.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று மத்தியானம் பைக்கை எடுத்தேன். பாய் தொழுகை முடித்துக் கடைக்கு வந்திருந்தார்.

"வா தம்பி. கொட்டாம்பட்டிக்காரரு போர்வை கேட்டாரு, இப்பத்தேன் ஆர்டர் ஏத்துனேன், பாரு" என்று போனை நீட்டினார். 'வாங்க, ஜாவித்.'

போனில் பழைய பக்கம் தேங்கி நிற்கிறது என்று நினைத்தேன், நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். போனையே அணைத்துவிட்டுத் திரும்பத் திறந்தேன். 'வாங்க, ஜாவித்.' லேப்டாப்பை விரித்து சர்வரைப் பார்த்தேன். போர்வை ஆர்டர் ஜாவித் பெயரில் பதிவாகியிருந்தது, சீட்டுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. நம்பினால் நம்புங்கள், ஜோடியே இல்லாமல் உள்ளே விட்டிருக்கிறது; பட்டியலை மேலிருந்து கீழே இன்னொரு தடவை தேடினேன்.

"என்ன தம்பி, ஏதும் கோளாறா?"

"இல்ல பாய், சும்மா பாத்தேன்."

துடைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. கூட வேலை பார்த்த நண்பனிடம் எல்லாவற்றையும் காட்டினேன், "மாப்ள, நீ எங்கயோ தப்புப் பண்ணியிருக்க" என்றான், எங்கே என்று அவனுக்கும் தெரியவில்லை. பாய் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். "எம்புள்ளைய பத்திரமா வச்சிருக்கேல்ல தம்பி?" வச்சிருக்கேன் பாய் என்கிறேன். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். பத்திரப்படுத்துவதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. அந்தப் போனில் இன்னும் ஜாவித் வந்துகொண்டுதான் இருக்கிறான், என்றைக்காவது வராமல் போனால் அவரிடம் திருப்பிக் கொடுக்க என் கையில் எதுவுமே இல்லை.