குழாய் வாயில் வைத்த பொட்டு

பிள்ளைகளா, விஞ்ஞானத்துக்கு உங்கள் அப்பா செய்த சேவை என்ன என்று யாராவது கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதை இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன்.

பொட்டிப்புரம் மலைக்கடியில் ஆய்வுக்கூடம் வரப்போகுது என்று பேச்சு கிளம்பியபோது, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான். என்ன ஆய்வு என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அப்படிப்பட்ட என்னை, ஐடிஐ ஃபிட்டர் சர்டிபிகேட்டை நம்பி, வடக்கே வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு கான்ட்ராக்டர் கூட்டிப்போனார். கேட் பாஸைக் கழுத்தில் மாட்டும்போதே சொல்லிவிட்டார்: "ஒரு தப்பு நடந்தாலும் பாஸைப் புடுங்கிருவாக. மறுநாளே மதுரைக்கு ரயில்தான்." ஆண்டிபட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் வேலை தேடி அலைந்து ஓய்ந்த பிறகு கிடைத்த அட்டை அது. நம் வீடே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே தெருவையே சுற்றி வளைத்ததுபோல ஒரு வட்டம். வட்டம் முழுக்க ஒரு குழாய், குழாய்க்குள் எலக்ட்ரான்கள் ஓடும். குமுளி மலைப்பாதையில் பஸ் சடாரென்று திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சரிவோம் இல்லையா? அதேபோல, காந்தம் எலக்ட்ரானைத் திருப்புகிற இடத்தில் எக்ஸ்ரே வெளிச்சம் தெறிக்கும். அதை வைத்து மருந்து, இரும்பு, விதை எல்லாவற்றின் உள்ளேயும் பார்ப்பார்கள். பழைய காந்தங்களைக் கழற்றிப் புதுசு வைத்தால் வெளிச்சம் இன்னும் கூர்மையாகும். அதுதான் எங்கள் வேலை. குழாய்க்குள் காற்றுகூட இருக்கக் கூடாது, கைரேகை பட்டாலே ஆகாது என்று கையுறை கொடுத்திருந்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனருக்கும் கிரேனுக்கும் பொட்டு வைத்தேன். புதுக் காந்தம் மட்டும் பொட்டில்லாமல் நின்றது. எங்கே வைக்கலாம் என்று யோசித்தேன். எலக்ட்ரான் போகிற வழிதானே முக்கியம்? அந்தக் காந்தத்துக்குள் ஓடுகிற குழாயின் வாயை மூடியிருந்த அலுமினியத் தாளை லேசாக விலக்கி, விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் வைத்தேன். சுத்தம் முக்கியம் இல்லையா!

மறுநாள் காலை இன்ஜினியர் அம்மா குழாய் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மலையாளத்துக்காரர், தமிழ் பேசுவார். "இது ஆரு செஞ்சது?"

கிரேன் ஓட்டுகிற கம்பத்து பாய் என் காதருகே குனிந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். "மாப்ளே, வாயத் தொறக்காத. குரங்கு வந்துச்சுன்னு சொல்லிருவோம்."

"குரங்கு சந்தனம் கரைக்குமா மாமா?"

"வடக்கத்திக் குரங்குலே. கரைக்கும்."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் எல்லார் கண்ணும் அங்கே தரை கூட்டுகிற வடக்கத்தி அம்மாவின் நெற்றிக்குப் போய்விட்டது. வகிடு முழுக்கக் குங்குமம். சூப்பர்வைசர் அந்த அம்மாவின் பாஸைக் கேட்டுக் கையை நீட்டினார். அந்த அம்மாவுக்கு எதற்கென்றே புரியவில்லை, கழற்றிக் கொடுக்கப் போனார்.

"நான்தாம்மா வச்சேன்" என்றேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். என் பாஸ் இன்ஜினியர் அம்மா கைக்குப் போனது.

"காந்தம் இவ்வளவு பெருசு இருக்கே, அதுமேல வெச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். எதுக்கு இங்கன வெச்சீங்க?"

"இதானேம்மா உசுரான எடம்?"

அவர் என் பாஸைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "கரெக்ட்தான். அதான் பிரச்சனை."

குழாயைக் கழற்றிக் கழுவி, அடுப்பில் வைத்துச் சூடேற்றி, திரும்பப் பூட்ட இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பாஸ் இல்லாமல் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியே கன்ட்ரோல் ரூம் தெரிந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டர் பாக்கியில்லாமல் பொட்டும் பூவுமாக இருந்தது.

மூன்றாம் நாள் இன்ஜினியர் அம்மாவே வந்தார். பாஸை உடனே தரவில்லை. முதலில் ஒரு பேப்பரையும் பேனாவையும் நீட்டினார். குழாய் வாயில் எதையும் தடவக் கூடாது என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் ஏற்கெனவே எழுதியிருந்தது. கீழே தமிழுக்கு இடம்.

"நீங்களே எழுதுங்க. இனிமே எல்லாக் குழாய் வாயையும் மூடிக் கட்டுறது உங்க பொறுப்பு. எது உசுரான எடம்னு தெரிஞ்ச ஆளு வேணும்."

அழகாக, பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். பாஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்த நோட்டீஸை நானே சுவரில் ஒட்டினேன். அந்த வட்டத்திலேயே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். கிரேன் ஓட்டுகிற மாமாவுக்கு அது தேவைப்படாது. இன்ஜினியர் அம்மாவுக்குத் தமிழ் பேச வருமே தவிர, படிக்க எழுத்துக் கூட்டவேண்டும். மிச்சம் நான்தான்.