பொம்மை மாப்பிள்ளை போட்ட பட்டாளச் சட்டை

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். இன்றைக்கு முப்பது மிஷின் ஓடுகிற தையல் கூடம் எனக்குச் சொந்தம். வாசல் காவலாளி முதல் கப்பலில் போகிறவர் வரை, என் கூடத்துச் சீருடை ஏறாத தோள் இந்த ஊரில் குறைவு. யாருக்கும் பயந்து நான் வளரவில்லை. அப்பேர்ப்பட்ட என்னை ஒரு சட்டை நடுங்க வைத்தது. அந்தச் சட்டைக்குள் நின்றவர் என் தங்கை புருஷன்.

கூடத்தில் அவருக்குப் பொம்மை என்று பேர். வேலை என்னவோ காஜா போடுவதும் பொத்தான் தைப்பதும்தான். ஆனால் எந்தப் புது உருப்படியையும் முதலில் அவர் மேல் மாட்டித்தான் பார்ப்பேன். அளவு நாடா காட்டாததை உடம்பு காட்டிவிடும். கையை விரித்துக்கொண்டு ஆடாமல் நிற்பார். குண்டூசி குத்தினால்கூட, "மச்சான், நான் நிஜப் பொம்மை இல்ல, ஞாபகம் இருக்கட்டும்" என்பாரே தவிர நகரமாட்டார். என்னைவிட இளையவர்தான். இருந்தாலும் தங்கை புருஷன் ஆயிற்றே, வாங்க போங்க என்றுதான் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் 'டா' வந்துவிடும்.

ஒருநாள் பட்டாள ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். வருங்காலச் சிப்பாய்களுக்கான புதுக் கருவிகளைப் பற்றி ஒரு பெரிய மாநாடு நடக்கப்போகிறது, அதில் காட்டுவதற்கு ஒரு சட்டை வேண்டும் என்றார். துணிக்குள் தலைமுடி கனத்தில் கம்பி இழை ஓடும். போட்டிருப்பவரின் நெஞ்சுத் துடிப்பு, மூச்சு, வியர்வை எல்லாவற்றையும் பிடித்து, எங்கோ உட்கார்ந்திருக்கும் தளபதியின் திரைக்கு அது அனுப்பிவிடும். வேறு இடங்களில் தைத்துப் பார்த்ததில் இழை அறுந்துவிட்டதாம்.

"என்கிட்ட விடுங்கம்மா. அறுந்துச்சுன்னா நான் கத்திரியைக் கையில தொடறதையே விட்டுடறேன்" என்றேன்.

சொன்னபடி தைத்தும் முடித்தேன். ஒவ்வொரு இழையையும் சின்னப் பல்பு வைத்து நானே சோதித்தேன். ஓர் இடத்தில்கூட விட்டுப்போகவில்லை.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. மேடையில் அதைப் போடப்போகும் சிப்பாயின் அளவைச் சுவரில் குத்தி வைத்திருந்தேன். ஆனால் கை பழக்கம் விடுமா? வழக்கம்போலப் பொம்மையின் உடம்பில் மாட்டி, பிடித்து, அந்த அளவுக்கே தையலை ஓட்டிவிட்டேன். சாதாரணத் துணியாக இருந்தால் பிரித்துத் தளர்த்தலாம். கம்பி ஓடிய தையலைப் பிரித்தால் சட்டையே போச்சு.

மாநாட்டு மண்டபத்தில், மேடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் இது தெரிந்தது. வந்த சிப்பாய்க்குக் கதவு மாதிரித் தோள். சட்டை பாதியில் நின்றுவிட்டது.

"யாருக்கு அளவெடுத்தீங்க ஐயா?" அதிகாரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

இஸ்திரிப் பெட்டியோடு ஓரமாக நின்ற பொம்மையைக் காட்டினேன். அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி, வேற வழியில்ல. இவரே ஏறட்டும். சும்மா நின்னா போதும்."

"நிக்கறதுக்குன்னே பிறந்தவரும்மா இவரு" என்றேன் பெருமையாக.

பொம்மை நெஞ்சைத் தடவிக்கொண்டார். "மச்சான், காலையிலேர்ந்து வாயு பிடிச்ச மாதிரி இருக்கு. தோள் வரைக்கும் இழுக்குது."

"மேடைன்னதும் வாயு வந்துடுச்சாக்கும். கல்யாண மேடையிலயே நின்னவரு, இதுல என்ன?"

"அங்க சாப்பாடாவது போட்டீங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டினார். ஜிப்பை இழுத்து மூடியவன் நான்தான்.

மண்டபத்துக்குள் எலும்பைத் தொடும் குளிர். கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளங்கை அளவு பறக்கும் இயந்திரம், இருட்டில் ஆளைக் காட்டும் தொப்பி, காலோடு கட்டிக்கொள்ளும் இரும்புக் கால். எல்லாம் வேலைப்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவில் உட்கார எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

மேடையில் பெரிய அதிகாரி ஒருவர் திரையைக் காட்டிப் பேசினார். ஒவ்வொரு சிப்பாயும் ஒரு புள்ளியாம். பச்சை என்றால் திடமாக இருக்கிறான். மஞ்சள் என்றால் களைத்துவிட்டான். சிவப்பு என்றால், அவனைக் காப்பாற்ற ஆளையும் நேரத்தையும் செலவழிப்பதா, விட்டுவிட்டு மேலே போவதா என்று தளபதி உடனே முடிவெடுக்கலாம். சோப்பு விலை சொல்வது போல இதைச் சொன்னார்.

பொம்மை மேடைக்கு வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார். திரையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அதன் கீழே துள்ளித் துள்ளி ஒரு கோடு ஓடியது. கொஞ்ச நேரத்தில் புள்ளி மஞ்சள் ஆனது.

"மேடையைக் கண்ட பயம்" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கோடு, மிஷின் பழகாதவன் ஓட்டிய தையல் மாதிரிக் கோணிக்கொண்டு போனது. புள்ளி சிவந்தது. யாரோ கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து மண்டபமே தட்டியது. பொம்மை கைகூப்பிச் சிரித்தார். அந்தக் குளிரிலும் அவர் முகம் நனைந்திருந்தது.

அதிகாரியம்மா என் காதருகே குனிந்தார். "இழை விட்டுப்போச்சு ஐயா. உங்க தையல்தான். மானம் போகுது."

எனக்கு ஏறியதே கோபம்! எழுந்து நின்று கத்தினேன். "என் தையலா? ஒவ்வொண்ணையும் நானே பல்பு வெச்சுப் பார்த்திருக்கேன். சட்டை சரியாத்தான் சொல்லுது!"

கத்தி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. சட்டை சரியாகத்தான் சொல்கிறது. கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது.

எப்படி மேடை ஏறினேனோ. எனக்கு முன்பே முன்வரிசையிலிருந்து ஒரு பட்டாள டாக்டர் ஏறியிருந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவர், பொம்மையை அப்படியே தரையில் படுக்க வைத்தார். "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. நெஞ்சைத் திறக்கணும், சட்டையை எடுங்க." ஜிப் முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இடுப்பிலிருந்த கத்திரியை உருவினேன்.

"வெட்டாதீங்க மச்சான். எவ்வளவு பாடுபட்டுத் தைச்சீங்க" என்றார் பொம்மை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வாயை மூடுடா!"

கழுத்திலிருந்து கீழே ஒரே இழுப்பாக வெட்டினேன். மண்டபம் முழுக்க 'ஐயோ' என்றது. நிமிர்ந்து பார்த்தேன். திரையில் கோடு நேராகிவிட்டது. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. புள்ளியும் அணைந்துவிட்டது. என் தங்கையின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. கத்திரி கையிலிருந்து நழுவியது.

"மச்சான், குளிருது" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நான் வெட்டியது கம்பியைத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்படி ஒரு கொஞ்ச நேரம் யாருக்கும் வரக் கூடாது, விரோதிக்குக்கூட.

ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். "இப்போதைக்குத் தப்பிச்சுட்டார். ரெண்டு நாள் தாண்டணும்" என்றார் டாக்டர். ஓட்டமாக வந்த தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா மாடி ஏறினா நடுப்படியில உக்காந்துடறாரு அண்ணா. உன்கிட்ட சொல்றேன்னு கிளம்பினா கையைப் பிடிச்சுக் கெஞ்சுவாரு. தெரிஞ்சா மச்சான் வேற ஆளை நிக்க வெச்சுடுவாருன்னு."

இரண்டு பேரும் உள்ளே போனோம். கட்டிலுக்கு மேலே ஒரு சின்னத் திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. பொம்மை கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார்.

"கோணலாப் போகுதே மச்சான். நேரா ஓடினாத்தானே நல்லது?"

"வேணாம்டா. இப்படியே கோணலா ஓடட்டும்."

தங்கை ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. ஒரு மேடு இறங்கியதும் அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.